சுவர்ப் பக்கம் திரும்பிய கைப்பிடி

மார்ச் 3

தங்கைக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. வேலையாகத்தான் எழுதுகிறேன்.

பால் கம்பெனியைப் பெரிய கம்பெனிக்காரர்கள் மே மாத நடுவில் எடுத்துக்கொள்கிறார்கள். விற்பனைத் தாளில் நீ வக்கீல் வழியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாய். சரி. இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். நம் கம்பெனியின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டுமாம். பால் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் அச்சிட்டு, கீழே தொடங்கிய இருவரின் கையெழுத்தையும் போடுவார்களாம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து தொடங்கியது என்றால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்குமாம்.

"எழுத ஆள் அனுப்பறோம் சார்" என்றார் வந்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முன் அட்டை கிழிந்த ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு பாலை எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்று நானே படித்துத் தெரிந்துகொண்டவன். என் கதையை எழுத எனக்கு ஆள் வேண்டாம். எழுதிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்பா விட்டுப்போன தள்ளுவண்டி, சலவைக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகை, நான்கு கேன் பால், நீ சோடா உப்புத் தண்ணீரில் பாட்டில் கழுவிக் கை வெடித்தது, எல்லாம் இருக்கிறது. உன்னை விட்டுவிட்டேன் என்று சொல்லமுடியாது. கடைசி வரி இது: "நாற்பது ஆண்டுகளில் ஒரு கேன் பால்கூட எங்கள் மூக்கைத் தாண்டாமல் உள்ளே வந்ததில்லை."

ஆண்டுகள் சரியா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

அண்ணன்

*

மார்ச் 14

அண்ணனுக்கு,

உங்கள் வரலாறு கிடைத்தது. ஆண்டுகள் சரிதான். "நான்" என்ற சொல் பத்தொன்பது இடத்தில் வருகிறது. நான் இரண்டு இடத்தில் வருகிறேன், இரண்டிலும் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறேன். போகட்டும். கழுவினது உண்மைதானே.

என் வீட்டுக்காரர் ஓரிடத்திலும் இல்லை. பதினாறு வருஷம் உங்கள் பாய்லர் பக்கத்தில் நின்றவர். வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து, எல்லோரும் "மீட்டர்" என்றே கூப்பிட்ட மனிதர். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு, பால் தானாகவே சூடாகித் தானாகவே ஆறிவிட்டது போலத் தெரியும்.

அவரைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று கேட்கவில்லை. பால் கேன்களை இறக்கும் மேடையில் நாற்பது பேர் முன்னால் அவரை நிறுத்தி, "ஊர்ல ஒவ்வொரு அடுப்புலயும் பால் திரிஞ்சது இவராலதான். அரை மணி நேரம் வைக்கவேண்டிய சூட்டைக் கால் மணியில முடிச்சிட்டாரு" என்று சொன்னீர்கள். அது பொய் என்று ஒரு வரி வேண்டும். அந்த வரி இருந்தால் என் கையெழுத்தும் இருக்கும்.

அவசரம் உங்களுக்கு மட்டும் இல்லை. ஆறு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அதிக நாள் இல்லை என்கிறார் டாக்டர். காது நன்றாகக் கேட்கிறது. மூக்கும் அப்படியே இருக்கிறது. காலையில் கோப்பையில் பால் வைத்தால் முதலில் மோந்து பார்க்கிறார். சரியில்லை என்றால் இடது கையால் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறார். "இன்னிக்கு வாங்கின பால்தானே, என்ன குறைச்சல்" என்று சத்தம் போட்டுவிட்டுக் காய்ச்சினால், சொல்லிவைத்தாற்போலத் திரிந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தள்ளுவண்டி வந்த இடத்தில் சிரித்தார்.

தங்கை

*

மார்ச் 22

தங்கைக்கு,

என்னை "நீ" என்றே கூப்பிட்டவள், "நீங்கள்" என்று எழுதத் தொடங்கியிருக்கிறாய். நல்லது.

உடம்பு சரியில்லை என்பதற்காக நடந்தது நடக்காததாகிவிடாது. அன்று நாலரை மணிக்கு வரவேண்டிய மனிதர் ஆறு மணிக்கு வந்தார். ஒன்பது மணிக்குள் மூவாயிரம் வீட்டில் பால் திரிந்தது. பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகள் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போனார்கள். தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அவரைப் பேசவிடாமல் அடித்தேனா? நாற்பது பேர் முன்னால் அவரே சொன்னார், "தப்பு என்னோடதுதான்" என்று. ஒரு மனிதர் வாயாலேயே ஒப்புக்கொண்டதை நான் எப்படிப் பொய் என்று எழுதுவேன்? அடுத்த வாரமே ஊரைக் காலிசெய்துகொண்டு போனது யார்? நான் போகச் சொல்லவில்லை.

வரி கிடையாது. கையெழுத்து வேண்டாமென்றால் விட்டுவிடு.

கோப்பைக் கைப்பிடியை அவர் எப்போதிலிருந்து அப்படித் திருப்புகிறார்? இப்போது நோய் வந்த பிறகா, முன்பேயா?

அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

பக்கம் பக்கமாகத் திட்டிவிட்டுக் கடைசியில் கோப்பையைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணமான நாளாகவே வீட்டில் எதையும் மோந்து பார்ப்பார். ஆனால் இந்தக் கைப்பிடிப் பழக்கம் இப்போதுதான் வந்தது, பேச்சுப் போன பிறகு.

அவர் ஏன் தாமதமாக வந்தார் என்று இருபத்து நான்கு வருஷம் கழித்துச் சொல்கிறேன். எட்டு வருஷம் காத்திருந்து எனக்கு ஒரு குழந்தை தரித்திருந்தது. நான்காம் மாதம். உங்களிடம் சொல்லவில்லை. ஐந்தாவது மாதம் பிறந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அன்று விடியற்காலையில் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. பால் வண்டியை நிறுத்தி அதில் ஏற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்து, குழந்தை இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஐந்தரைக்கு அவர் எழுந்து, "நான் போகணும்" என்றார். "பாய்லர் எங்க ஓடிடப்போகுது?" என்று கேட்டேன். "பாய்லர் இல்ல. போகணும்" என்றார். போய்விட்டார். என்னை அந்தக் கட்டிலில் அப்படியே விட்டுவிட்டு உங்களுடைய பாலுக்காக ஓடினார். அந்த மனிதரைத்தான் நீங்கள் மேடையில் நிறுத்தினீர்கள்.

இன்னொன்று. பால் தொட்டியின் சூட்டை ஒரு பேனா முள் வட்டத் தாளில் வரைந்துகொண்டே போகுமே, அந்த நாளின் தாளை அவர் சட்டைப்பையில் மடித்து எடுத்துவந்தார். என் பெட்டியில் இருக்கிறது. அறுபத்து மூன்று டிகிரி, முழுதாக அரை மணி. ஒரு நிமிஷம் குறையவில்லை. பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையேடு படித்தவர், வரைபடமும் படிக்கத் தெரியும்தானே.

சூடு சரி என்றால், உள்ளே வரும்போதே பால் கெட்டிருந்தது என்று அர்த்தம். உள்ளே விடுவது யார் வேலை? ஒரு கேன்கூட உங்கள் மூக்கைத் தாண்டாமல் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அந்த மூக்கு எங்கே போயிருந்தது?

தங்கை

*

ஏப்ரல் 10

தங்கைக்கு,

தாளைப் பார்த்தேன்.

குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று மேடையில் அப்படிப் பேசியிருக்கமாட்டேன். வேறு எப்படியாவது பேசியிருப்பேன்.

கீழ்க்கண்ட வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு மேல் என்னால் இறங்கமுடியாது.

"இடையில் ஒரு முறை, சில காரணங்களால் பாலின் தரத்தில் குறை நேர்ந்தது. அதற்கு எந்தத் தனிமனிதரும் பொறுப்பல்ல."

அண்ணன்

*

ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

"சில காரணங்கள்" என்பவர் யார்? அவர் நம் கம்பெனியில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார்? அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா? அவரையும் மேடையில் நிறுத்தி ஊரைவிட்டு ஓட்டினீர்களா?

அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "போதுமாங்க, இத வெச்சிக்கலாமா?" என்று கேட்டேன். ஆம் என்று தலையை அசைத்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வாயத் தொறந்து ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த வீட்ல வந்து கெடந்திருப்போமா" என்று, பேச முடியாத மனிதரைப் பார்த்துக் கத்தினேன். நானா இப்படி என்று பிறகு அழுதேன்.

அவருக்குப் போதும். எனக்குப் போதாது. உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

இரண்டு நாளாக அவருக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. எழுதுவதென்றால் சீக்கிரம் எழுதுங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 29

தங்கைக்கு,

எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடவேண்டும்.

அந்த வருஷத் தொடக்கத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பத்து நாள் படுத்திருந்தேன். எழுந்தபோது மூக்குச் செத்துப்போயிருந்தது. எனக்கு அது முதலில் தெரியவில்லை. பாய்லர் அறையில் மண்ணெண்ணெய் கொட்டி என் செருப்பெல்லாம் நனைந்திருந்தது, நான் தண்ணீர் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளைதான் என்னைப் பிடித்து இழுத்தார். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அன்றே அவருக்குப் புரிந்திருக்கவேண்டும்.

நம் கம்பெனியே என் மூக்கு என்று ஊருக்குத் தெரியும். பால் கொண்டுவருகிறவர்கள் என்னைப் பார்த்துப் பயந்துதான் நல்ல பாலைக் கொண்டுவந்தார்கள். மூக்கு இல்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? வேறு ஒருவரை மோந்து பார்க்கச் சொல்வதா? இருபது பேருக்கு நடுவில் நான் மூடியைத் திறந்து, குனிந்து, மூச்சை இழுத்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாசனையும் வராது. நாடகம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கவனித்தேன். நம் கேன்களுக்கு ஒற்றைக் கைப்பிடிதானே. வரிசையில் வைக்கும்போது எல்லாம் என்னைப் பார்த்து இருக்கும். ஒன்றிரண்டு மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன. அந்தக் கேனைத் திறந்து கொஞ்சம் காய்ச்சச் சொன்னேன். திரிந்தது. மறுநாளும் அப்படியே. நான் மேடைக்கு வருவதற்கு முன்பு, பாய்லர்காரர் மேடையில் வந்து கேன்களை ஒழுங்குபடுத்துவதுபோல நடந்துவிட்டுப் போகிறார் என்று புரிந்தது.

நாலு மாதம் அப்படி ஓடியது. நான் ஒருநாளும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பிய கேனைத் திறந்து, மோந்து பார்த்து, "இது ஆகாது, கொண்டுபோ" என்று நான் சத்தம் போடுவேன். "அய்யா மூக்கே மூக்கு" என்பார்கள். அவர் பாய்லர் அறை வாசலில் நின்று வெப்பமானியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அன்று அறுபத்திரண்டு கேன் வந்தன. எல்லாக் கைப்பிடியும் என்னைப் பார்த்துத்தான் இருந்தன. பாய்லர் அறை வாசல் காலியாக இருந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள். அவர் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உள்ளே விட்டேன். பக்கத்தில், நீ விட்ட பிறகு பாட்டில் கழுவ வந்த அம்மாள் நின்றிருந்தார். "கொஞ்சம் மோந்து பாரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஆறு மணிக்கு ஓடிவந்தார். நேராக மேடைக்குத்தான் வந்தார், பாய்லருக்கு இல்லை. கேன்கள் காலியாகக் கிடந்தன. ஒரு காலிக் கேனைத் தூக்கி உள்ளே மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மச்சான், தொட்டியைத் தொறந்து கொட்டிரலாம்" என்றார். "உம்ம வேலையப் பாரும்" என்றேன். பாய்லருக்குப் போனார்.

மேடையில் அவரை நிறுத்தியபோது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தம் போட்டேன். அவர் "தப்பு என்னோடதுதான்" என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இத்தனை வருஷம் நான் கோபமாக இருந்தது அவர் செய்த தப்புக்காக அல்ல. அவருக்குத் தெரியும் என்பதற்காக.

வரலாற்றின் கடைசி வரியை மாற்றி, புதுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்:

"எங்கள் கேன்களை நாலு மாதம் மோந்து பார்த்தது என் தங்கையின் கணவர். என் மூக்கு போனதை மறைத்து, அவர் இல்லாத ஒருநாள் கெட்ட பாலை உள்ளே விட்டது நான். பழியை அவர்மேல் போட்டதும் நான்."

இதை அவருக்குப் படித்துக் காட்டு. மெதுவாகப் படி. "மாப்பிள்ளை" என்று நான் கூப்பிட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மே 6

அண்ணா,

உங்கள் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. அவர் முதல் தேதி காலையில் போய்விட்டார்.

படித்தேன். அவர் இல்லாத கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே படித்தேன், நீங்கள் சொன்னபடி மெதுவாக. பக்கத்து வீட்டம்மா யாரோடு பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்தார்.

எனக்கு எதுவும் தெரியாது. ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. "பாய்லர் இல்ல, போகணும்" என்றாரே, அது இதுதானா? கேன்களைத் திருப்பத்தான் ஓடினாரா? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெண்டாட்டி செத்தாலும் பரவாயில்லை, வேலை முக்கியம் என்று போன ஆள் என்று நினைத்தேன். இருபத்து நான்கு வருஷம் அதைச் சொல்லிக் காட்டினேன். சோறு போடும்போது சொன்னேன். தலைவலிக்கிறது என்று அவர் படுத்திருந்தால், "அன்னிக்கு நான் படுத்திருந்தேனே, நின்னீங்களா?" என்பேன். தலையைக் குனிந்துகொள்வார். போன மாதம்கூடச் சொன்னேன்.

நீங்கள் அவரை நாற்பது பேர் முன்னால் ஒருநாள் நிறுத்தினீர்கள். நான் தினமும் நிறுத்தினேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம் அவர். உங்கள் மானம் போய்விடும் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

வாயில் வந்தபடி உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அதில் பாதி எனக்கும் பொருந்தியது. கிழித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இனி உங்கள் இஷ்டம்.

தங்கை

*

மே 19

தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. முதல் தேதி என்று எழுதியிருக்கிறாய். இருபத்தொன்பதாம் தேதி தபாலில் போட்டேன். அந்த "சில காரணங்கள்" வரியை எழுதாமல் நேராக இதையே எழுதியிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும். பத்தாம் தேதியே எழுதியிருக்கலாம். என் வாழ்நாளில் நான் வீணாக்கியதெல்லாம் அந்தப் பத்தொன்பது நாளில் அடங்கிவிட்டது.

நம் இருவர் கையெழுத்தோடு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பு வரலாறு கேட்டு வந்தவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், பால் பெட்டில கெட்ட பாலைப் பத்திப் போடமுடியாது. கடைசி வரிய மட்டும் எடுத்துடலாமே" என்றார். மற்ற வரியையெல்லாம் எடுத்துவிடுங்கள், அது மட்டும் இருக்கட்டும் என்றேன். இரண்டு நாள் போனில் பேசினார்கள். நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் வரலாறே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பசுப் படம் போடுகிறார்களாம். பசு சிரிக்கிறதாம்.

அதனால், நேற்றுக் காலை கம்பெனியைக் கைமாற்றிக் கொடுப்பதற்கு முன், இருக்கிற எல்லோரையும் இறக்கு மேடைக்கு வரச்சொன்னேன். பதினோரு பேர் வந்தார்கள். மேலே ஏறி, அவர் நின்ற இடத்தில் நின்று, அந்தத் தாளைப் படித்தேன். பத்துப் பேருக்கு நான் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. அன்று பக்கத்தில் நின்ற அதே பாட்டில் கழுவும் அம்மாள் மட்டும்தான் பழைய ஆள். இப்போது கூன் விழுந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்யா" என்றார்.

"என்ன தெரியும்?"

"கெட்ட வாடை அன்னிக்கு எனக்கே அடிச்சுது. நீங்க மோந்துட்டு நல்லாருக்குன்னீங்க. அய்யா மூக்குக்கு மேலயா நம்ம மூக்குன்னு பேசாம இருந்துட்டேன். மீட்டர் போறப்ப எங்கிட்ட மட்டும்தான் சொல்லிட்டுப் போனாரு. அய்யாவுக்குச் சளி புடிச்சிருக்கு, நீ கொஞ்சம் கேனைப் பாத்துக்கம்மான்னாரு. அதுக்கப்பறம் யாரு கைப்பிடியத் திருப்பினாங்கன்னு நெனச்சீங்க?"

மாப்பிள்ளை போன பிறகும் கைப்பிடிகள் திரும்பித்தான் இருந்தன, தங்கச்சி. பாலைச் சோதிக்க இயந்திரம் வரும்வரை மூன்று வருஷம். அவரே யாரிடமோ சொல்லிவைத்திருப்பார் என்று தெரிந்தும், தெரியாத மாதிரி இருந்தேன். நான் விரட்டிய மனிதர் வாசலைத் தாண்டும்போதும் என் மூக்குக்கு ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சாவிகளைக் கொடுத்துவிட்டேன். எனக்கு இங்கே வேலை இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை, கேட்டுப் பழக்கம் இல்லை. அவர் படுத்திருந்த அறையை ஒருமுறை பார்க்கவேண்டும். வரலாமா?

அண்ணன்

*

மே 27

அண்ணா,

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கும் கை வரவில்லை. என்னையே இன்னும் மன்னித்தபாடில்லை.

இன்று காலை பால் திரிந்துவிட்டது. சொல்ல ஆள் இல்லை. காய்ச்சிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ வா.